மூன்று பெயர்களில் திரிந்த ஒரு கடல் பிராணி: காப்ரெல்லா மியூட்டிகாவை அடையாளம் கண்ட விதம்

நெதர்லாந்தின் தென்மேற்கில், சீலாந்து மாகாணத்தில், ஓஸ்டர்ஸ்கெல்டே என்று ஒரு கடல் நுழைவாய் இருக்கிறது. சிப்பிக்கும் மட்டிக்கும் பேர்போன இடம். 1986-ல் அதன் வாயில் பிரம்மாண்டமான புயல் தடுப்பணை கட்டி முடித்தார்கள், அதற்கு முன்னும் பின்னும் அந்தத் தண்ணீரை ஆராயாத டச்சு கடல் உயிரியலாளர் கிடையாது என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட இடத்தில் 1990களின் நடுவில் மிதவைகளிலும் கயிறுகளிலும் இதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு பிராணி ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சி போன்ற உடம்பு, செம்மஞ்சள் நிறம், மேல்பாதி முழுக்க அடர்ந்த மயிர், சில ஆண்கள் 3 சென்டிமீட்டரைத் தாண்டி நீண்டிருந்தன. பிளாட்வூட் என்ற ஆம்பிபாட் (இறால் நண்டு வகையறாச் சிற்றுயிர்) நிபுணரும் அவரோடு இரண்டு ஆய்வாளர்களும் அதை ஆராய்ந்து, ஐரோப்பியப் பட்டியலில் எதோடும் பொருந்தாததால் புதிய சிற்றினம் என்று முடிவு செய்து, காப்ரெல்லா மாச்சோ என்று பெயர் வைத்து 1995-ல் ஆம்ஸ்டர்டாம் விலங்கியல் அருங்காட்சியக இதழில் வெளியிட்டார்கள்.

அது புதிய சிற்றினம் இல்லை. 60 வருஷம் முன்பே, 1935-ல், ஷூரின் என்ற ரஷ்ய ஆய்வாளர் விளாதிவோஸ்தோக் பக்கத்துப் பேதுரு பெருமன்னர் விரிகுடாவில் இருந்து அதை விவரித்து காப்ரெல்லா மியூட்டிகா என்று பெயர் வைத்திருந்தார். ரஷ்யக் கடலில் பிடித்த பிராணி பற்றிய அந்தக் கட்டுரை ஜெர்மன் மொழியில், ஜெர்மன் இதழில் வந்தது. இடையில் கலிபோர்னியாவில் அதே பிராணிக்கு இன்னொரு பெயரும் கிடைத்திருந்தது. ஆக ஒரே பிராணி, மூன்று கடல், மூன்று பெயர்.

கடலோரச் சிறு உயிரினங்களை அடையாளம் காணும் வேலையில் இறங்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் படிக்கச் சொல்வது இந்த நிகழ்வைத்தான். தவறு எங்கே நடந்தது என்பதைவிட, அது எதனால் திருத்த முடிந்தது என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பிராணி எப்படிப்பட்டது

காப்ரெல்லாக்கள் இறால் நண்டு வகையறாவில் ஆம்பிபாட் என்ற பெரிய வரிசையைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் எலும்புக்கூட்டு இறால் என்பார்கள், ரஷ்யர்கள் கடல் ஆட்டுக்குட்டி என்பார்கள். வழக்கமான ஆம்பிபாட் பக்கவாட்டில் தட்டையாக, வளைந்து, கடற்கரையில் துள்ளிக்கொண்டிருக்கும். இது அப்படி இல்லை. வயிற்றுப்பகுதி கிட்டத்தட்ட மறைந்தே போய்விட்டது, மார்புப்பகுதியின் ஏழு கண்டங்கள் (உடல் துண்டுகள்) நீண்டு மெலிந்து உடம்பாகிவிட்டன, முதல் கண்டம் தலையோடு சேர்ந்துவிட்டது. முன்னால் இரண்டு ஜோடி பற்றுக்கால்கள், அதில் இரண்டாவது ஜோடி பெரிய கொடுக்கு மாதிரி. மூன்றாம் நான்காம் கண்டங்களில் கால் இருக்க வேண்டிய இடத்தில் செவுள்கள் மட்டும் தொங்கும். கடைசி மூன்று ஜோடிக் கால்களால் பாசியையோ கயிற்றையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உடம்பை நிமிர்த்தி, உணர்கொம்புகளை ஆட்டிக்கொண்டே ஓடிவரும் தண்ணீரில் இருந்து தின்னக் கிடைப்பதைப் பிடிக்கும். கம்பளிப்புழு மாதிரி வளைந்து வளைந்து நகரும்.

பெண்ணின் மூன்றாம் நான்காம் கண்டங்களின் அடியில் தகடுகள் சேர்ந்து ஒரு குஞ்சுப்பை இருக்கும். முட்டை அதற்குள்ளேயே பொரிந்து, குட்டிகள் தாயின் சின்ன வடிவமாகவே வெளியே வரும். தண்ணீரில் மிதந்து திரியும் இளம்புழுப் பருவம் இவற்றுக்குக் கிடையாது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்: மிதக்கும் பருவமே இல்லாத ஒரு பிராணி பசிபிக்கின் ஒரு மூலையில் இருந்து வடகடலுக்குத் தானாக வர முடியாது.

எதைப் பார்த்து முடிவு செய்வது

வடகடல் ஓரத்தில் ஒரு காப்ரெல்லா கையில் கிடைத்தால், படிப்படியாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். மூன்றாம் நான்காம் கண்டங்களில் முழுக் கால்கள் இருந்தால் அது ஃப்தீசிகா மரீனா, காப்ரெல்லா பேரினமே இல்லை. இரண்டாம் பற்றுக்கால்கள் கிளம்பும் இடத்துக்கு நடுவில், வயிற்றுப்பக்கம், ஒரு முள் துருத்திக்கொண்டிருந்தால் காப்ரெல்லா ஈக்விலிப்ரா. தலையில் முன்னோக்கி நீட்டிய முக்கோண முள் இருந்தால் காப்ரெல்லா பெனாண்டிஸ் பக்கம் போக வேண்டும். இதெல்லாம் சுலபம். தலை வழவழப்பாக, முதுகில் முட்களோ புடைப்புகளோ உள்ளவைதான் சிக்கல், ஏனென்றால் உள்ளூர்க்காரனான காப்ரெல்லா லீனியாரிஸும் அந்தக் கூட்டத்தில்தான் வரும்.

மியூட்டிகாவின் முதிர்ந்த ஆணைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். முதல் இரண்டு கண்டங்களும் மிகவும் நீண்டு, அவற்றின் மேலும் இரண்டாம் பற்றுக்காலின் மேலும் மயிர் அடர்த்தியாக மண்டியிருக்கும். மூன்றாவது கண்டத்தில் இருந்து ஏழாவது வரை முதுகில் கூர்முட்கள். லீனியாரிஸுக்கு அந்த மயிர் கிடையாது, அது இதைவிடச் சின்னதும்கூட. மியூட்டிகா ஆண் தாயகத்தில் 5 சென்டிமீட்டர் வரை வளரும் என்று பதிவு இருக்கிறது, காப்ரெல்லா உலகில் அது ராட்சத அளவு.

ஆனால் ஒரு கயிற்றைச் சுரண்டி எடுத்தால் வருவதெல்லாம் முதிர்ந்த ஆண்களா? இல்லை. குட்டிகளும் பெண்களும் பாதி வளர்ந்த ஆண்களும் கலந்துதான் வரும். பெண் ஆணின் அளவில் பாதிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும், மேல்கண்டங்கள் குட்டை, மயிர் இல்லை அல்லது அங்கங்கே கொஞ்சம்தான். குஞ்சுப்பையில் செம்புள்ளிகள் தெரியும், உயிரோடு பார்த்தால் அது நல்ல துப்பு, ஆல்கஹாலில் போட்ட பிறகு நிறத்தை நம்ப முடியாது. குட்டிகளில் மயிரும் இல்லை, நீண்ட கண்டமும் இல்லை, முட்கள் மட்டும் இருக்கும், அந்த முட்களின் எண்ணிக்கையும் ஒவ்வொரு பிராணிக்கும் மாறும். ஆண்களில்கூட ஒவ்வொரு தோலுரிப்புக்கும் பிறகு கொடுக்கின் விகிதமும் கண்டங்களின் விகிதமும் மாறிக்கொண்டே போகும். இளம் ஆணையும் முதிர்ந்த ஆணையும் தனித்தனியாக இருவரிடம் கொடுத்தால் இரண்டு சிற்றினம் என்று எழுதி வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதனால் என் கருத்து கறாரானது: பெரிய ஆண் மாதிரியில் இல்லையென்றால் சிற்றினப் பெயர் எழுதக் கூடாது. காப்ரெல்லா, சிற்றினம் தெரியவில்லை, என்று எழுதிவிட்டு அடுத்த முறை அதே கயிற்றுக்குப் போக வேண்டும். அரைகுறை மாதிரியை வைத்துக்கொண்டு பட்டியலை நிரப்ப ஒரு பெயரை எழுதுவதால்தான் உலகத்தின் பாதித் தரவுத்தளங்கள் குழம்பிக் கிடக்கின்றன.

கலிபோர்னியாவில் முதல் குழப்பம்

டச்சுக் கதைக்கு 20 வருஷம் முன்பே இதே நாடகம் பசிபிக்கின் கிழக்குக் கரையில் நடந்துவிட்டது. 1973-ல் வட கலிபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாவில் இந்தப் பிராணி தென்பட்டது. மார்ட்டின் என்ற ஆய்வாளர் 1977-ல் அதை காப்ரெல்லா அகாந்தோகாஸ்டர் என்ற சிற்றினத்தின் புதிய துணைச்சிற்றினமாக, ஹம்போல்ட்டியென்சிஸ் என்று பெயரிட்டு விவரித்தார்.

அகாந்தோகாஸ்டர் என்பது 1890-ல் பால் மேயர் விவரித்த சிற்றினம். மேயர் நேப்பிள்ஸ் கடல் ஆய்வுநிலையத்தில் இருந்துகொண்டு 1882, 1890, 1903 என்று மூன்று பெரிய தொகுப்புகளில் உலகத்துக் காப்ரெல்லாக்களை எல்லாம் வரைந்து தள்ளியவர், இன்றும் அவர் படங்களைத் திறக்காமல் இந்த வேலை ஓடாது. அகாந்தோகாஸ்டரும் வடகிழக்கு ஆசியக் கடல் பிராணிதான், மியூட்டிகாவுக்கு நெருங்கின சொந்தம், முதுகு முட்களில் இரண்டும் ஒத்துப்போகும். பிரிக்கும் அடையாளம் அந்த முதல் இரண்டு கண்டங்கள்தான்: அகாந்தோகாஸ்டரில் அவை வழவழப்பு, மியூட்டிகாவில் மயிர்க்காடு. மார்ட்டின் அந்த மயிரைப் பார்த்தார், அதனால்தான் துணைச்சிற்றினம் என்று தனியாகப் பிரித்தார். பார்த்ததில் பிழை இல்லை. பார்த்ததற்கு ஏற்கெனவே 1935-லேயே ஒரு பெயர் இருந்தது என்பதுதான் அவர் முடிவில் விடுபட்டது.

1981-ல் மாரெல்லி என்பவர் கலிபோர்னியக் காப்ரெல்லாக்களை மறுபடி ஆராய்ந்தபோது ஹம்போல்ட் பிராணி ஷூரினின் மியூட்டிகாதான் என்று எழுதினார். இதற்குள் ஜப்பானில் அரிமோட்டோவின் பெரிய தொகுப்பு 1976-லும், சோவியத் ஒன்றியத்தில் வசிலென்கோவின் தொகுப்பு 1974-லும் வந்துவிட்டன, ஆசியப் பக்கத்துப் படங்கள் எல்லாம் ஓரளவு கைக்கு எட்டின. பெயர் சரியானதும் அடுத்த கேள்விக்குப் பதிலும் கிடைத்தது. ஜப்பானில் இருந்து பசிபிக் சிப்பியின் இளங்குஞ்சுகளை வளர்ப்புக்காக வாங்கி அமெரிக்க மேற்குக் கரையில் இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. சிப்பியோடு ஒட்டி வந்திருக்கும் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொண்ட விளக்கம்.

துணைச்சிற்றினம் என்ற பெயரே நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹம்போல்ட்டுக்கே உரிய உள்ளூர் வடிவம் என்று ஒருவர் நினைத்து அதைப் பாதுகாக்கச் சொல்லிக்கூட எழுதியிருக்கலாம். ஒரு பெயர் வந்தேறியை மண்ணின் மைந்தனாக்கிவிடும், அதனால்தான் இந்தத் துறையில் பெயர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஓஸ்டர்ஸ்கெல்டேவில் ஏன் தவறியது

மாரெல்லி திருத்தி 14 வருஷம் கழித்துத்தான் காப்ரெல்லா மாச்சோ வருகிறது. எப்படி நடந்தது இது? என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஐரோப்பியக் கடலில் ஒரு பிராணி கிடைத்தால் ஐரோப்பியக் கையேட்டைத்தான் எல்லோரும் முதலில் திறப்பார்கள். அந்தக் கையேடு நேர்மையாகவே பதில் சொன்னது: இது எங்களிடம் இல்லை. கையேட்டில் இல்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு, ஒன்று இது அறிவியலுக்கே புதிது, இன்னொன்று இது வேறு கடலில் இருந்து வந்தது. இரண்டாவது வழியைச் சோதிக்க வேண்டுமென்றால் உலகத்துக் காப்ரெல்லா பேரினம் முழுவதையும், நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்களை, ரஷ்ய, ஜப்பானிய, ஜெர்மன் மொழிகளில் பழைய இதழ்களில் சிதறிக் கிடக்கும் படங்களோடு ஒப்பிட வேண்டும். 1995-ல் அதெல்லாம் நூலகத்துக்கு நூலகம் கடிதம் எழுதி வாங்க வேண்டிய நகல்கள், இன்றைக்குப் போல ஒரு தேடலில் வந்து விழாது.

இருந்தாலும் இடமே ஒரு துப்பு கொடுத்துக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 1962-63 கடுங்குளிரில் சீலாந்தின் நாட்டுச் சிப்பிகள் பெருமளவு செத்துப்போக, 1964-ல் பசிபிக் சிப்பியை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரில் புதிதாகத் தென்பட்ட பாசியும் விலங்கும் பல வடமேற்கு பசிபிக் சரக்குகள். அதோடு, 3 சென்டிமீட்டர் நீளமுள்ள, பளிச்சென்ற நிறமுள்ள பிராணி, உலகத்திலேயே மிக நெருக்கமாக ஆராயப்பட்ட கரைகளில் ஒன்றில், மிதவைகளிலும் கயிறுகளிலும் மட்டும் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தால், அது நேற்று வந்தது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். செயற்கைப் பரப்புகளில் மண்டிக்கிடந்து, பக்கத்து இயற்கைப் பாறைக்கரையில் அரிதாக இருப்பது வந்தேறிகள் பலவற்றில் காணப்படும் பழக்கம். மியூட்டிகா போன ஊரிலெல்லாம் அப்படித்தான் இருக்கிறது.

சரி, அவர்கள் செய்த நல்ல காரியத்துக்கு வருவோம், ஏனென்றால் எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் மதிப்புள்ள பகுதி அதுதான். பெயர் தவறினாலும் அந்த 1995 கட்டுரை ஒழுங்கான விவரிப்பு. உடம்பின் பக்கவாட்டுத் தோற்றம், பற்றுக்கால், வாயுறுப்புகள் எல்லாவற்றையும் விவரித்து, மூலமாதிரிகளை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் ஜப்பானிய, ரஷ்யப் படங்களை அருகில் வைத்து ஒப்பிட்டு, மாச்சோவும் மியூட்டிகாவும் ஒன்றே என்று சொல்ல முடிந்தது. அன்றைக்கு யாராவது ஒரு அறிக்கையில் காப்ரெல்லா லீனியாரிஸ் என்று ஒரு வரி எழுதிவிட்டு மாதிரியைக் கொட்டியிருந்தால் அந்தத் தவறை இன்று வரை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. படமும் பாட்டிலும் இருக்கும் தவறான பெயர் திருத்தக்கூடிய தவறு. படமும் பாட்டிலும் இல்லாத சரியான பெயரைக்கூட நான் நம்ப மாட்டேன்.

ஓபன், ஹெல்கோலாந்து, அப்புறம் டிஎன்ஏ

2000-ல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஓபன் ஊருக்குப் பக்கத்தில், சால்மன் மீன்பண்ணைக் கூண்டுகளில் அதே பிராணி தென்பட்டது. இதைக் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்காட்லாந்து கடல் அறிவியல் சங்கத்து ஆய்வாளர்கள் தாங்களே முடிவு சொல்லிவிடாமல், ஜப்பானியக் காப்ரெல்லாக்களிலேயே வாழ்க்கையைக் கழித்த இச்சிரோ தாகேயுச்சியைச் சேர்த்துக்கொண்டார்கள். 2004-ல் பிரிட்டனுக்கான முதல் பதிவு வந்தபோது கட்டுரை ஆசிரியர்களில் அவரும் ஒருவர். தாயகத்துக் கடலில் அந்தப் பிராணியையும் அதன் சொந்தங்களையும் உயிரோடு பார்த்துப் பழகிய கண் ஒன்று வேண்டும், கையேட்டால் அதை ஈடுகட்ட முடியாது.

ஜெர்மனிப் பக்கம் புஷ்பாமும் குட்டோவும் ஹெல்கோலாந்து, சில்ட் தீவுகளைச் சுற்றி இது ஏராளமாகப் பெருகியிருப்பதை 2005-ல் எழுதினார்கள். அவர்கள் தலைப்பிலேயே காப்ரெல்லா சிஎஃப். மியூட்டிகா என்று போட்டார்கள். மியூட்டிகாவோடு ஒப்பிடுக, பொருந்துகிறது போல் தெரிகிறது, முழு உறுதி சொல்லவில்லை, என்று அந்தச் சின்னக் குறிக்கு அர்த்தம். இந்தத் தயக்கத்தை வெளியே சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், ஏனென்றால் திட்ட அறிக்கை கேட்பவர்களுக்கு முழுப்பெயர்தான் வேண்டும். நம் ஊர் மாணவர்கள் இந்தக் குறியைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் ஒன்றானதும் சிதறிக் கிடந்த பதிவுகள் ஒன்றுசேர்ந்தன. நெதர்லாந்து, பெல்ஜியம், நார்வே, ஜெர்மனி, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்காவின் இரு கரைகள், கனடா, நியூசிலாந்து என்று எல்லாம் ஒரே பிராணியின் நடமாட்டம் என்று வரைபடத்தில் தெரிந்தது. 2007-ல் ஆஷ்டனும் சக ஆய்வாளர்களும் அந்த உலகப் பரவலைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்தில் சில இடங்களில் சதுர மீட்டருக்கு 3 லட்சத்துக்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். தாயகமான கடலில் பதிவான அடர்த்தி இதன் பக்கத்தில்கூட வராது. தெற்கு கலிபோர்னியாவின் கடல் எண்ணெய் மேடைக் கால்களிலும் இதே பிராணி.

எப்படிப் போயிருக்கும் என்பதற்கு முன்னால் சொன்ன குஞ்சுப்பை விஷயம் இங்கே வருகிறது. மிதக்கும் இளம்புழு இல்லாததால் பரவலுக்கு வாகனம் வேண்டும்: கப்பல் அடிப்பாகத்தில் படிந்த பாசி, படகுக் கயிறு, மட்டி வளர்ப்புச் சாதனங்கள், சிப்பிக் குஞ்சு மூட்டை, பிய்ந்து மிதந்து போகும் கடற்பாசி. வயிற்றில் குஞ்சுகளோடு ஒரு பெண் போய்ச் சேர்ந்தால்கூட ஒரு குடியிருப்புக்கு விதை விழுந்துவிடும்.

2008-ல் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை வைத்து ஒரு ஆய்வு வந்தது. தாயகத்து மாதிரிகளில் மரபு வகைகள் மிகுதியாகவும், போய்ச் சேர்ந்த இடங்களில் குறைவாகவும் இருந்தன, வட அரைக்கோளத்தில் ஒரே முறை அல்ல, பல முறை தனித்தனியாகப் போய் இறங்கியிருக்கிறது என்று அதில் தெரிந்தது. மூன்று பெயரும் ஒரே பிராணி என்ற முடிவு மயிரையும் முள்ளையும் பார்த்து முன்பே எடுத்ததுதான், டிஎன்ஏ அதன் மேல் ஏறி நின்று பயண வழியைச் சொன்னது. இந்த வரிசையை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். இப்போது பலர் மாதிரியை அரைத்து, வரிசைத்தொடரை எடுத்து, பொதுத் தரவுத்தளத்தில் போட்டுப் பொருந்தும் பெயரை அப்படியே எழுதிவிடுகிறார்கள். தரவுத்தளத்தில் அந்தப் பெயரை முதலில் போட்டவர் பெரிய ஆணைப் பார்த்துப் போட்டாரா, குட்டியைப் பார்த்துப் போட்டாரா? பாட்டில் எங்கே இருக்கிறது? இது தெரியாமல் 98 சதவீதப் பொருத்தம், 99 சதவீதப் பொருத்தம் என்று பேசுவதில் பயனில்லை.

உள்ளூர் உயிர்களுக்கு என்ன ஆகிறது என்பதும் பெயர் தெரிந்த பிறகுதான் கேட்க முடிந்த கேள்வி. ஸ்காட்லாந்து ஆய்வகச் சோதனைகளில் மியூட்டிகாவை உள்ளூர் காப்ரெல்லா லீனியாரிஸோடும் சூடோபுரோட்டெல்லா ஃபாஸ்மாவோடும் ஒரே இடத்தில் விட்டுப் பார்த்தார்கள், கடலில் இருக்கும் அடர்த்தியைவிட மிகக் குறைவான எண்ணிக்கையில் இருந்தபோதே அது இரண்டையும் பிடித்திருந்த இடத்தை விட்டுத் துரத்தியது. கடலிலும் அப்படியேதான் நடக்கிறது என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. கவனிக்க வேண்டிய பிராணி என்று சொல்வதற்கு இது போதும்.

நம் கரையில் இது கிடைக்குமா

இதைப் படித்துவிட்டு மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ ஒருவர் கூண்டுக் கயிற்றில் இருந்து காப்ரெல்லாவைப் பிடித்து, இணையப் படத்தோடு ஒப்பிட்டு, மியூட்டிகா என்று எழுத வாய்ப்பு இருக்கிறது. எழுதுவதற்கு முன் வெப்பநிலையைப் பாருங்கள். ஆய்வகத்தில் மியூட்டிகாவை 48 மணி நேரம் வைத்துப் பார்த்தபோது சுமார் 28 டிகிரி செல்சியஸில் பாதிப் பிராணிகள் செத்துப்போயின. உப்புத்தன்மையிலும் ஆயிரத்துக்கு 19 பங்குக்குக் கீழே போனால் தாங்குவது கஷ்டம். குளிர்ந்த கடலில் பிறந்து வளர்ந்த பிராணி அது. மன்னார் வளைகுடாவின் கோடைக்கால மேல்தண்ணீரில் அது குடும்பம் நடத்த வழியில்லை, ஆக அங்கே கிடைக்கும் முள் முதுகுக் காப்ரெல்லா வேறு ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

நம் பக்கம் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டிய பெயர்களில் ஒன்று காப்ரெல்லா ஸ்காரா. தலைமேல் முன்னோக்கி வளைந்த ஒரு முள் இருக்கும், நுண்ணோக்கியில் பார்த்தவுடன் தெரியும். 1836-ல் மொரீஷியசில் இருந்து விவரித்தவர் ராபர்ட் டெம்பிள்டன், பிற்பாடு இலங்கையில் வெகுகாலம் ராணுவ மருத்துவராக இருந்து அங்கத்துப் பூச்சிகளையும் ஆராய்ந்தவர். ஸ்காரா மியூட்டிகாவுக்கு நேர் எதிர்த்திசையில் பயணம் போனது, வெதுவெதுப்பான கடலில் இருந்து கிளம்பி மத்தியதரைக் கடல் துறைமுகங்களில், 1990களில் வெனிஸ் கழியில் தொடங்கி, வரிசையாகக் குடியேறிவிட்டது. அங்கே வந்தேறி. நம் கடலில்? இந்தியப் பெருங்கடலில் இருந்து முதலில் விவரித்ததால் இங்கே எங்கும் அது இயல்பான குடிமகன் என்று முடிவுகட்டிவிடக் கூடாது, துறைமுகத்துக் கயிறுகளில் மட்டும் கிடைக்கிறதா, பவளப்பாறைப் பாசியிலும் கிடைக்கிறதா என்று பிரித்துப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

ஒப்பிட நமக்குப் பழைய பதிவுகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது, எனக்கு இதில் பெரிய வருத்தம். ஹெர்ட்மன் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் 1902-ல் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்களில் சேகரித்த காப்ரெல்லாக்களை அந்த மேயரே ஆராய்ந்து 1904-ல் எழுதியிருக்கிறார். பாம்பனுக்குப் பக்கத்துக் குருசடைத் தீவின் காப்ரெல்லாக்களை சுந்தரராஜ் 1927-ல் சென்னை அரசு அருங்காட்சியக இதழில் எழுதினார். நூறு வருஷம் பழைய அடிப்படைப் பட்டியல் இது, துறைமுகங்களும் கூண்டு மீன்வளர்ப்பும் இவ்வளவு பெருகுவதற்கு முந்தையது. இன்று ஒரு காப்ரெல்லா புதிதாகத் தென்பட்டால் அன்று இருந்ததா இல்லையா என்று கேட்க வாய்ப்புள்ள கரைகள் உலகத்தில் நிறைய இல்லை.

சேகரிக்கிறவர்கள் இதை மட்டும் செய்தால் போதும். கயிற்றையோ பாசியையோ அப்படியே வெட்டி எடுத்துத் தட்டில் கடல்தண்ணீர் ஊற்றி, உயிரோடு இருக்கும்போதே கறுப்புப் பின்னணியில் படம் எடுங்கள், நிறமும் குஞ்சுப்பைப் புள்ளிகளும் அதில் மட்டும்தான் மிஞ்சும். பிறகு ஃபார்மலினில் போடாதீர்கள், டிஎன்ஏ கெட்டுவிடும், நல்ல எத்தனாலில் போடுங்கள். பெரிய ஆண்களைத் தனிப் பாட்டிலில் பிரியுங்கள், பெண்களையும் குட்டிகளையும் தூக்கி எறியாமல் இன்னொன்றில் வையுங்கள். உள்ளே போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். இடம், தேதி, ஆழம், தண்ணீர் வெப்பநிலை, எதன் மேல் ஒட்டியிருந்தது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். எதன் மேல் என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், மியூட்டிகா விஷயத்தில் மிகப் பெரிய துப்பே அதுதான். தலையில் இருந்து ஏழாம் கண்டத்தின் முனை வரை அளந்து, முதல் இரண்டு கண்டங்களையும் இரண்டாம் பற்றுக்காலின் உள்விளிம்பையும் பக்கவாட்டில் வரையுங்கள், ஓவியம் வராது என்றால் நுண்ணோக்கிப் படமாவது எடுங்கள். சில மாதிரிகளை இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னைக் கடல் உயிரியல் மையத்திலோ, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலோ பதிவெண்ணோடு ஒப்படைத்துவிட்டு, அந்த எண்ணைக் கட்டுரையில் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பெயரில் உறுதி இல்லையென்றால் சிஎஃப். என்று சேர்த்தே போடுங்கள்.